ஆட்டிசம் உள்ளவர் கவுன்சிலர் ஆகலாமா? கோர்ட் சொல்லாதவரை தடை இல்லை

கலவை: ராணிப்பேட்டை மாவட்டம் கலவை பேரூராட்சி மன்றத்தில் ஆட்டிசம் உள்ள ஒருவர் உறுப்பினராக உட்கார முடியுமா? டீக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள். "பேச்சே சரியா வராது, மன்றத்துல என்னத்த பேசுவான்" என்று பெற்ற வீட்டிலேயே சொல்வார்கள். ஆனால் சட்டம் கதவை மூடவில்லை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் 2 மசோதாக்களை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரல் 16-ந் தேதி சட்டசபையில் கொண்டு வந்தார். அதுவரை நகர்ப்புற மன்றங்களில் இருந்த மாற்றுத்திறனாளிகள் வெறும் 35 பேர். புதிய ஏற்பாட்டில் நகர்ப்புறத்தில் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் என்று கணக்கு சொல்லப்பட்டது. ஜூலையில் விண்ணப்பம் வாங்கினார்கள்.

கலவை மாதிரி பேரூராட்சிக்கு ஒரே ஒரு இடம்தான். சிக்கலே இங்கேதான். 2016-ம் வருட சட்டத்தில் ஊனங்கள் 21 வகை. 1995-ம் வருட பழைய சட்டத்தில் 7 தான் இருந்தது, ஆட்டிசம் அதில் பேருக்குக் கூட இல்லை. 21 வகைக்கும் சேர்த்து ஒரு நாற்காலி என்றால் நாலு பேரிடம் சரளமாகப் பேசி, சங்கம் நடத்தி, அதிகாரிகளைத் தெரிந்து வைத்திருப்பவர் கைக்குத்தான் போகும். அவர் மேல் தப்பு இல்லை. கூட்டத்தைக் கண்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் இளைஞர் அந்தப் போட்டியில் எங்கே நிற்பார்?

நியமனம் இல்லாவிட்டால் நேரடித் தேர்தல் இருக்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். "சித்த சுவாதீனம் இல்லாதவர்" நிற்கக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஒரு கோர்ட் அறிவித்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டில் ஆட்டிசம் என்று எழுதியிருப்பது அந்தக் கணக்கில் வராது. 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளூர் கமிட்டியில் அம்மாவோ அப்பாவோ காப்பாளர் சான்று வாங்கியிருந்தாலும் அது கோர்ட் தீர்ப்பு அல்ல. இது தெரியாமல் 18 வயது முடிந்த பிள்ளையின் பேரை ஓட்டர் லிஸ்டிலேயே சேர்க்காமல் விடும் வீடுகள் உண்டு. ஷூ கம்பெனி வேலைக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் தாய் தகப்பனுக்கு இதையெல்லாம் யார் உட்கார்ந்து சொல்வது?

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடந்தது. ஆரி நீமன் என்பவர் ஆட்டிசம் உள்ளவர். 2006-ல், இருபது வயது கூட ஆகாதபோது, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2009 டிசம்பரில் அதிபர் ஒபாமா அவரை தேசிய ஊனமுற்றோர் கவுன்சிலுக்கு நியமித்தார். எதிர்ப்பு கிளம்பியது. அதில் பெற்றோர்களும் இருந்தார்கள். "நன்றாகப் பேசுகிற இவர், பேச்சே வராத என் பிள்ளைக்கு எப்படிப் பிரதிநிதி?" என்பது அவர்கள் வாதம். பல மாதம் இழுத்து 2010-ல்தான் செனட் ஒப்புதல் தந்தது. பெற்றோர் கேட்டது லேசான கேள்வி அல்ல. அதற்காக அந்த இடத்தில் ஆட்டிசம் இல்லாதவரை உட்கார வைத்தால் மட்டும் பேச்சு வராத பிள்ளையின் குரல் கேட்டுவிடுமா என்ன?

கலவையில் ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மன்றக் கூட்டத்தில் ஒரே நேரத்தில் நாலு பேர் கத்துவார்கள், நடுவில் செல்போன் அடிக்கும். அஜெண்டாவை முன்கூட்டியே எளிய தமிழில் தருவது, பேச்சுக்குப் பதில் எழுதியோ டைப் அடித்தோ கருத்து சொல்ல விடுவது, பக்கத்தில் உதவிக்கு ஒருவர் இருப்பது, இதெல்லாம் சலுகை அல்ல. தேவையான வசதி செய்து தர வேண்டும் என்று 2016-ம் வருட சட்டமே சொல்கிறது. உதவிக்கு வருபவர் தன் கருத்தை அவர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டமான வேலை.

ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்ட ஊராட்சிகளுக்குக் கடைசியாக 2021 அக்டோபரில் ஓட்டு போடப்பட்டது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். 5 வருடப் பதவிக்காலத்தைக் கணக்குப் பார்த்தால், பிள்ளையின் பேர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கத் தள்ளிப்போட நேரம் இல்லை.