இன அடையாளமும் 'எனது பள்ளி' என்னும் உணர்வும்

ஒரு மாணவன் தான் பயிலும் பள்ளியை 'எனது பள்ளி' என்று மனமாரச் சொல்வது எப்போது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப்பள்ளிகளில் பயிலும் லத்தீனோ மாணவரை முன்னிட்டு இவ்வினாவை ஆராய்வோம். மெக்சிக்கோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, எல் சால்வடோர் முதலிய இடங்களை வேராகக் கொண்டவர் இவர்கள். அந்நாட்டுப் பொதுப்பள்ளி மாணவருள் நால்வரில் ஒருவருக்கு மேல் இன்று இவ்வினத்தவரே.

வீட்டு மொழியையும் மரபையும் வாயிலில் விட்டுவந்தாலன்றி மாணவன் பள்ளியோடு ஒன்ற இயலாது என்பது பழைய எண்ணம். அதன் விளைவை 1968 மார்ச்சு மாதத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கண்டது. மெக்சிக்க அமெரிக்க மாணவர் ஆயிரக்கணக்கில் வகுப்புகளை விட்டு வெளியேறினர். லிங்கன் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ அவர்களுக்குத் துணைநின்றார். ஸ்பானிய மொழி பேசியதற்காகத் தண்டித்தல் ஒழியவேண்டும், தம் மக்களின் வரலாறு பாடமாகவேண்டும், தம்மவர் பலர் ஆசிரியராகவேண்டும் என அவர்கள் கோரினர். வெளியேறியோர் கேட்டது பள்ளிக்குள்ளேயே ஓர் இடம் என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

ஹூஸ்டன் நகரப் பள்ளியொன்றை நெருங்கி ஆராய்ந்த ஏஞ்செலா வலென்சுவேலா, 1999இல் வெளியிட்ட நூலில் இதன் உட்பொருளை விளக்கினார். மாணவர் முதலில் படிப்பில் அக்கறை காட்டட்டும் என்று ஆசிரியர் காத்திருந்தனர். ஆசிரியர் முதலில் தம்மீது அக்கறை காட்டட்டும் என்று மாணவர் காத்திருந்தனர். ஸ்பானிய மொழியில் கல்வியைக் குறிக்கும் சொல் நன்னடத்தையையும் பிறரை மதித்தலையும் உள்ளடக்கியது. ஆகவே மதிப்பில்லாத இடத்தில் கல்வியும் இல்லை என அம்மாணவர் உணர்ந்தனர்.

அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் மெக்சிக்க அமெரிக்கக் கல்வி வகுப்புகள் நடைபெற்றன. இன வெறுப்பை வளர்ப்பன என்று குற்றஞ்சாட்டி, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2012இல் அவற்றை நிறுத்தினர். ஆயின் அவ்வகுப்புகளிற் பயின்றோர் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது என 2014இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இனப்பகைமையே அத்தடைக்குக் காரணம் என 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும் இன அடையாளம் பிறர் குத்தும் முத்திரையாகிவிடலாகாது. இளமைப் பருவத்தில் தானே தேடித் தெளிந்து ஏற்பதே அது என உளவியலறிஞர் ஜீன் ஃபின்னி விளக்கியுள்ளார். நேற்றுக் குடியேறியவனும் மூன்று தலைமுறையாக வாழ்பவனும் ஒரே விடையைக் காணமாட்டார்கள். அத்தேடலுக்கு இடமளிப்பதே பள்ளியின் கடமை. தன் பெயரைச் சிதைக்காமல் அழைக்கும் ஆசிரியரிடமிருந்தே மாணவனுக்கு 'எனது பள்ளி' என்னும் உணர்வு பிறக்கத் தொடங்குகிறது எனலாம்.