மூன்று கிலோமீட்டர் பாறையைக் கணக்கில் பிடித்தல்

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். சூட்டையாவது குளிர்ந்த காற்றை அனுப்பித் தணிக்கலாம். தலைக்கு மேலுள்ள பாரத்தை? கோலார் பாறை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,900 கிலோ. 3,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமப்பது 870 கிலோ. விரல் நகத்தின் மேல் ஒரு சின்ன கார்!

தாதுவை வெட்டியெடுத்தால், அது தாங்கிய சுமை பக்கத்துப் பாறைக்கு மாறுகிறது. வெட்டின் விளிம்பில் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை, பல மடங்கு ஏறுகிறது. எல்லை மீறினால் பாறை வெடித்துச் சிதறும். இதுதான் கோலார் அஞ்சிய 'ராக் பர்ஸ்ட்'. கருங்கல் சுவர்களை அடுக்கி முட்டுக்கொடுத்தார்கள்; பின்னர் வெற்றிடத்தைக் கான்கிரீட்டால் நிரப்பினார்கள்.

அடுத்து எங்கே வெட்டலாம்? பாறையைத் திறந்து பார்த்துச் சோதிக்க முடியாது, கணக்குப் போடலாம். ஒரு கன கிலோமீட்டர் பாறையைப் பத்து மீட்டர் கட்டிகளாகக் கற்பனையில் நறுக்குங்கள். பத்து லட்சம் கட்டிகள். ஒவ்வொரு மூலையும் மூன்று திசைகளில் நகரலாம். ஆக, 31 லட்சம் விடை தெரியாத எண்கள். அத்தனையையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டும். பொறியாளர்கள் இதை வரம்புறு கூறு முறை என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சாமர்த்தியம் இனிமேல்தான். தங்கம் இருக்கும் படிகக்கல் அடுக்கு மெல்லிய தகடு. சுற்றியுள்ள பாறை மீள்தன்மையோடு நடந்துகொள்ளும் என்று கொண்டால், அதன் நடத்தைக்குச் சூத்திரமே இருக்கிறது. அதை நறுக்க வேண்டாம், தகட்டை மட்டும் நறுக்கினால் போதும். 10,000 சதுரங்கள், 30,000 எண்கள். விடை தெரியாத எண்கள் நூறில் ஒரு பங்காகிவிட்டன! தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக 1960களில் சுரங்கப் பொறியாளர் மிக்லோஷ் சாலமன் இந்த வழியை வகுத்தார்.

கணக்கு சரிதானா என்பதைப் பாறையே சொல்ல வேண்டும். அதனால் கோலாரில் அதிர்வுணரிகளைப் பதித்தார்கள். இப்பாறையில் அதிர்வலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் வெடித்த இடம் ஆறு மீட்டர் தள்ளிப்போகும். அதனால் நேரத்தை நுணுக்கமாக அளந்து அதிர்வுகளின் இருப்பிடத்தைக் குறித்தார்கள். 1988இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கியது தற்செயல் அல்ல.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைப்பு நின்றதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. விரிசல்களில் புகுந்த நீரின் அழுத்தம், பாறை முகங்களை இறுக்கிப் பிடித்திருந்த விசையைக் குறைத்தது, அவை வழுக்கின. ஆள் இல்லாத சுரங்கத்திலிருந்து அதிர்வுகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. வெட்டுவதற்காக எழுதிய சமன்பாடுகளில் இப்போது தண்ணீரையும் சேர்க்க வேண்டியதாயிற்று.