உங்களுக்குத் தெரியுமா? 'இன்னலே' என்றால் நேற்று!

கம்பம், போடியிலிருந்து ஜீப்பில் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்களும், பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துக்குள் நுழைகிறவர்களும் கவனிக்க வேண்டிய மலையாளச் சொல் 'இன்னலே'. காதுக்கு 'இன்னைக்கு' போலிருக்கும், பொருளோ நேற்று. முந்தாநாளுக்கு 'மினிஞ்ஞான்னு', நாளை மறுநாளுக்கு 'மற்றன்னாள்'. கூலிக் கணக்குப் பேசவும், காய்ச்சல் என்றைக்கு வந்தது என்று டாக்டரிடம் சொல்லவும் இவை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மணி சொல்வதில் சிரமமே இல்லை. பத்தே கால், பத்தரை, பத்தே முக்கால் எல்லாம் ஏறக்குறைய நம் பேச்சுதான். கிழமையோடு 'ஆழ்ச்ச' சேரும்: திங்களாழ்ச்ச, புதனாழ்ச்ச.

மாதங்கள்தான் ஆளைக் குழப்பும். நம் மாதப் பெயர்கள் நட்சத்திரங்களை ஒட்டியவை. மலையாள மாதங்களுக்குச் சூரியன் நிற்கும் ராசியே பெயர். சித்திரை அங்கே மேடம், ஆடி கர்க்கடகம், ஆவணி சிங்ஙம். புத்தாண்டுப் பண்டிகையான விஷு மேடத்தில் வந்தாலும், கி.பி. 825இல் தொடங்கிய கொல்லம் ஆண்டின் எண் மாறுவது ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் பிறக்கும்போது. எல்லையோர வீடுகளில் உள்ள பழைய நிலப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருந்தால், சிங்ஙம் முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 824, அதன் பிறகு 825 கூட்டிப் பாருங்கள். ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும்.