14 நாள் தவணை



இருட்டிய பின்னர் வீதியோரத்தில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் கைவிளக்கை அசைத்து உங்கள் வாகனத்தை நிறுத்தச் சொல்கிறார். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய அனைத்தையும் எடுத்துக் கொடுக்கிறீர்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அவரோ வாகனத்தைச் சுற்றி வந்து, பின்புறத்தில் நின்றபடி, "பிரேக் லைற் ஒன்று எரியவில்லை" என்கிறார். "நேற்று எரிந்ததே, சேர்!" என்பதுதான் நம்மில் பலருடைய வாயில் முதலில் வரும் பதில்.

அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நேற்று எரிந்திருக்கலாம். ஆயினும் ஒரு கேள்வியை நம்மிடமே கேட்டுப் பார்ப்போம். தாம் பிரேக்கை மிதிக்கும்போது தம்முடைய பின்விளக்கு எரிவதை நேரில் கண்ட சாரதி யார்? ஒருவரும் இல்லை. அந்த விளக்கு, நமக்குப் பின்னால் வருகின்ற, நமக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவருக்காகப் பொருத்தப்பட்டது. அது அணைந்துபோனதை அறியக்கூடியவரும் பின்னால் நிற்பவரே. ஆகையால் அதைச் சொல்லுகின்ற மனிதர், அவர் சீருடை அணிந்தவராயினும், அந்த நேரத்தில் நமக்கு ஓர் அயலவராகவே நிற்கிறார்.

தண்டனைக்கு முன்னர் ஒரு வாய்ப்பு

நம் உறவினர் பலர் இன்று வாழுகின்ற நாடுகளில், இத்தகைய சிறிய குறைபாடுகளுக்கு உடனே தண்டம் விதிக்காமல், அவற்றைத் திருத்துவதற்குக் கால அவகாசம் கொடுக்கும் நடைமுறை இருக்கிறது. பிரித்தானியாவில் எரியாத விளக்குடன் வாகனம் ஓட்டுபவரிடம் பொலிஸார் வாகனக் குறைபாடு திருத்தும் திட்டத்தின் கீழ் ஓர் அறிவித்தலைக் கொடுக்கலாம். வழக்கமாக 14 நாட்களுக்குள் குறையைத் திருத்தி, அது திருத்தப்பட்டதென அங்கீகாரம் பெற்ற கராஜ் ஒன்றில் உறுதிப்படுத்திப் பொலிஸாருக்கு அனுப்பினால் விடயம் அத்துடன் முடிந்துவிடும். அதைச் செய்யாது விட்டால் தண்டமோ வழக்கோ தொடரும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் இவ்வாறான சீட்டு உண்டு. விளக்கைத் திருத்திய பின்னர் அதிகாரமுள்ள ஒருவரிடம் வாகனத்தைக் காட்டி, சீட்டில் கையொப்பம் பெற்று, 25 டொலர் கட்டணத்துடன் நீதிமன்றத்தில் சமர்ப்பித்தால் குற்றச்சாட்டு நீக்கப்படும். ஜேர்மனியிலும் குறைபாட்டைக் குறித்துக் கொடுக்கும் அட்டையொன்று வழங்கப்படுகிறது. வாகனத்தைத் திருத்திக் காட்டி அதனை உறுதிப்படுத்த வேண்டும்.

நமது நாட்டில் வாகனங்களின் விளக்குகள் பற்றிய விதிகள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இங்கே நமக்குப் பழக்கமானது தண்டச் சீட்டு. அதற்கும் 14 நாள் தவணை உண்டு. ஆனால் அந்தத் தவணை பணம் செலுத்துவதற்கானது. பணத்தைக் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு, எரியாத விளக்கோடு அதே வீதியில் மறுபடியும் ஓடுவோரை நாம் காண்கிறோம். தண்டம் தீர்ந்தது. குறை தீரவில்லை.

இங்கே ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். எந்த நாட்டிலாயினும் தவணை என்பது, அந்த நாட்கள் முழுவதும் குறையுள்ள விளக்குடன் ஓடுவதற்குக் கொடுக்கப்பட்ட அனுமதி அல்ல. அவசரம் எதுவானாலும் விளக்குத் திருந்தும் வரையில் இரவில் வாகனத்தை வீட்டில் நிறுத்துவதே முறை.

ஒரு மின்குமிழ்தானே?

"ஒரு பல்ப் எரியாததற்கு இவ்வளவு பெரிய பேச்சா?" என்று நாம் நினைக்கலாம். வாகனத்தின் முன்விளக்கு நாம் பார்ப்பதற்கு உதவுகிறது. பின்விளக்கு, பிரேக் விளக்கு, சைகை விளக்கு ஆகியவை பிறர் நம்மைப் பார்ப்பதற்காகவும் நமது எண்ணத்தை அறிவதற்காகவும் உள்ளவை. முன்விளக்குகளில் ஒன்று அணைந்திருந்தால், எதிரே வருபவர் காரை மோட்டார் சைக்கிள் என்று எண்ணி, அதற்கேற்ற இடத்தையே விட்டுக் கொடுப்பார். அணைந்தது வீதியின் நடுப்பக்கத்து விளக்கானால் விளைவு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மணித்தியாலத்திற்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. முன்னே செல்லும் வாகனம் வேகத்தைக் குறைக்கிறது என்பதைப் பின்னால் வருபவர் ஒரு வினாடி தாமதித்து உணர்ந்தால், அந்த 17 மீற்றர் தூரமும் அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. வன்னியூடாகச் செல்லும் ஏ9 வீதியிலோ, பூநகரி வழியாக மன்னாருக்குச் செல்லும் வீதியிலோ இரவில் பயணம் செய்தவர்களுக்கு அந்த இருளின் கனம் தெரியும். மாடுகள் வீதியில் படுத்திருக்கும். விளக்கில்லாத சைக்கிளில் ஒரு தொழிலாளி வீடு திரும்பிக்கொண்டிருப்பார். பழுதாகிப்போன லொறியொன்று பின்விளக்கின்றி ஓரத்தில் நிற்கும். இருளில் நிற்கும் அந்த லொறியை மோதிய பிறகு, அதன் உரிமையாளர் எத்தனை மின்குமிழ்களை வாங்கினாலும் பயனில்லை.

அறிவித்தல் கிடைத்தால் என்ன செய்வது?

முதலில் அதனைக் கோபமின்றி வாசியுங்கள். எந்த விளக்கு, எந்தத் திகதிக்குள், எங்கே காட்ட வேண்டும் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் குறிப்பிட்ட விளக்கை மாத்திரமன்றி எல்லா விளக்குகளையும் சோதியுங்கள். வீட்டில் உள்ள ஒருவரை வாகனத்தின் பின்னால் நிற்கச் சொல்லி, பிரேக்கை மிதித்தும், இருபக்கச் சைகைகளைப் போட்டும், பின்னோக்கிச் செல்லும் கியரை மாற்றியும் பார்க்கலாம். அப்போது இயந்திரத்தை இயக்காமல் சாவியை மாத்திரம் திருப்பி, கைப்பிரேக்கையும் இழுத்து வைத்திருப்பது நல்லது. உதவிக்கு ஒருவரும் இல்லையெனில், இரவில் சுவரொன்றின் முன்னால் வாகனத்தைப் பின்பக்கமாக நிறுத்தினால், சுவரில் விழும் சிவப்பு வெளிச்சமே உண்மையைச் சொல்லிவிடும்.

சைகை விளக்கு வழமையைவிட வேகமாக மினுங்கினால், அந்தப் பக்கத்தில் மின்குமிழ் ஒன்று பழுதாகியிருக்கலாம். புதிய மின்குமிழ் போட்டும் எரியவில்லையெனில் பியூசையும், மின்குமிழ் பொருந்தும் இடத்தையும், வாகன உடலோடு இணையும் கம்பியையும் பார்க்க வேண்டும். மன்னார், நீர்கொழும்பு, மட்டக்களப்பு போன்ற கரையோர ஊர்களின் உப்புக்காற்றில் இந்த இணைப்புகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. முன்விளக்குகளில் ஒன்று ஆயுள் முடிந்து அணைந்தால், அதே காலத்தில் போட்ட மற்றதும் அதிக நாள் நிலைக்காது. ஆகவே இரண்டையும் ஒன்றாக மாற்றுவது நல்லது. ஹலஜன் மின்குமிழின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் படிந்த இடம் அதிகமாகச் சூடாகி, மின்குமிழின் ஆயுள் குறைந்துவிடும்.

எரியாத விளக்கு ஒரு குறையானால், பிறர் கண்ணைப் பறிக்கும் விளக்கும் குறையே. ஹலஜனுக்காக அமைக்கப்பட்ட முன்விளக்கினுள் கடையில் வாங்கிய எல்.ஈ.டி. மின்குமிழைப் பொருத்தினால், வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யக்கூடும். அதிக பாரம் ஏற்றிய வாகனத்தின் பின்புறம் தாழ்ந்து முன்விளக்கு மேல்நோக்கினாலும் அதே விளைவுதான். நமக்கு வீதி நன்றாகத் தெரிகின்றது என்ற திருப்தியில், எதிரே வரும் ஒரு தகப்பனை நாம் சில கணங்களுக்குக் குருடாக்கிவிடுகிறோம்.

குறுக்கு வழிகள்

அறிவித்தலைக் கண்டதும் மனம் வேறு வழிகளையும் தேடும். தெரிந்த அதிகாரி ஒருவருக்குத் தொலைபேசி எடுக்கலாமா? அனுமதிப்பத்திரத்தினுள் ஒரு தாளை மடித்து வைக்கலாமா? அறிமுகமான கராஜ்காரரிடம் திருத்தாமலே கையொப்பம் வாங்கலாமா? பரிசோதனைக்கு மட்டும் இன்னொரு வாகனத்தின் மின்குமிழைக் கழற்றிப் போடலாமா? இவை யாவும் காகிதத்தைச் சரிசெய்யும் வழிகள். விளக்கு இருளாகவே இருக்கும். ஒரு மின்குமிழுக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்த, நாமும் கெட்டு, கடமையைச் செய்ய வந்த இன்னொருவரையும் கெடுக்கிறோம். பின் ஆசனத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லும்போது, குறையை அறிக்கையிடுவதுடன் திருந்துவதற்கான உறுதியும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்தோம். திருந்தும் எண்ணமின்றி மன்னிப்பை மாத்திரம் கேட்பதற்கும், விளக்கைத் திருத்தாமல் தண்டத்தை மாத்திரம் கட்டுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வீதியும் விசுவாசமும்

வாகனம் ஓட்டுவது விசுவாச வாழ்வுக்குப் புறம்பானது என்று எவரும் நினைக்க வேண்டாம். 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வத்திக்கான், வீதிப் பயணம் தொடர்பான மேய்ப்புப்பணி வழிகாட்டலொன்றை வெளியிட்டது. சாரதிகளுக்கான பத்துக் கட்டளைகள் என்று பத்திரிகைகளில் பேசப்பட்ட பகுதி அதில்தான் இருக்கிறது. கொலை செய்யாமையே அங்கும் முதலில் வருகிறது. வீதியில் பலவீனமானவரைப் பாதுகாக்கவும், பிறர்மட்டில் பொறுப்புணர்வோடு இருக்கவும் அது கேட்கிறது. நமது வீதிகளில் அந்தப் பலவீனமானவர் நடந்து செல்லும் முதியவரும் சைக்கிளில் வரும் மாணவியுமே.

இதற்கு நெடுங்காலம் முன்னரே, 1925இல், திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் உரோமை நகர் புனித பிரான்செஸ்காவை மோட்டார் வாகனச் சாரதிகளின் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். 1384 முதல் 1440 வரை வாழ்ந்து, ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பணிபுரிந்த இந்தக் குடும்பப் பெண் கார் எதையும் கண்டதில்லை. ஆனால் அவர் வெளியே செல்லும்போது வானதூதர் ஒருவர் விளக்கேந்தி வழிகாட்டி முன்னே சென்றார் என்பது மரபு. மார்ச் 9ஆம் திகதி அவரது திருநாள். வாகனத்தைக் கோயிலுக்குக் கொண்டு சென்று மந்திரித்து, கண்ணாடியில் செபமாலையைத் தொங்கவிடும் நாம், வானதூதர் விளக்குப் பிடிப்பார் என்று நம்பி நமது விளக்கை அணையவிடலாமா? மந்திரித்த வாகனத்தின் உரிமையாளருக்குக் கவனம் கூடுதலாகவே வேண்டும்.

அத்திமரத்திற்குக் கிடைத்த ஓராண்டு

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளாகக் கனி தராத மரத்தை வெட்டிவிடும்படி உரிமையாளர் கூறுகிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். அவர் அந்த ஆண்டை வெறுமனே காத்திருப்பதற்காகக் கேட்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி, எரு போடுவதற்காகக் கேட்கிறார். தவணை என்பதன் பொருள் அங்கே விளங்குகிறது. அது வேலை செய்வதற்காகக் கிடைத்த காலம்.

நமது வாழ்விலும் நமக்குத் தெரியாத பின்விளக்குகள் உண்டு. நம் பேச்சின் கடுமையை நாம் கேட்பதில்லை. நமக்குப் பின்னால் வாழ்கின்ற மனைவியும் கணவரும் பிள்ளைகளும் அதை அறிவார்கள். "அப்பா, கொஞ்ச நாளாய் நீங்கள் சிரிப்பதில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதுவும் ஓர் அறிவித்தலே. "நேற்று எரிந்ததே" என்று வாதாடுவதைவிட, இறங்கிப் பின்னால் சென்று பார்ப்பது நல்லது.

ஆடித் திருநாளுக்கும் ஆவணித் திருநாளுக்கும் மருதமடுத் திருப்பதிக்கு வேன்களிலும் கார்களிலும் புறப்படும் குடும்பங்களே, புறப்படுவதற்கு முதல்நாள் மாலை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளை ஒன்றைப் பின்னால் நிறுத்தி, "எரிகிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால், கராஜுக்குச் சென்ற பிறகு பயணம் தொடங்கட்டும். உங்கள் பின்னால் வருபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவரும் ஒரு வீட்டின் விளக்கு.

வீதியில் செல்லும் யாவரையும் மடு அன்னை பாதுகாத்து, பத்திரமாக வீடு சேர்ப்பாராக.