ஊர் கூடி நிரப்பும் பானை
(தென் கொரியாவின் மருத்துவக் காப்பீட்டுக் கதை)

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நாம் சிறு வகுப்பிலேயே படித்த பழமொழி. ஆனால் நோய் எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. சென்ற ஆண்டு அது எங்கள் வகுப்பிலேயே இரண்டு வீடுகளின் கதவைத் தட்டியது.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை மார்க்கெட்டில் சுமை தூக்குபவர். அவருக்கு இருதய ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. பின்னர் வீட்டுப் பத்திரமும் போயிற்று. மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்த தோழியின் காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதே பருவத்தில் மற்றொரு தோழியின் தந்தைக்கும் அதே ஆபரேஷன் நடந்தது. அவர் பஞ்சாலைத் தொழிலாளி. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் வழியாக எல்லாம் முடிந்தது. கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. விடுப்பில் இருந்த நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைத்தது.

ஒரே ஊர், ஒரே நோய். ஒரு வீட்டில் கடன், மறு வீட்டில் நிம்மதி. இது ஏன் என்று சமூக அறிவியல் சிஸ்டரிடம் கேட்டோம். "விடையை நான் சொல்ல மாட்டேன், தேடிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். தேடியதில் கிடைத்ததே இக்கட்டுரை.

பிடி அரிசித் தத்துவம்

நம் பாட்டிமார் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அன்றாடம் குறைந்தது ஒரு பிடிதான். கஷ்ட காலத்தில் கை கொடுத்தது ஒரு பானை. இதை ஒரு வீடு செய்தால் சேமிப்பு. ஊரே ஒரு பானையில் போட்டு, நோயுற்ற வீட்டுக்கு அள்ளிக் கொடுத்தால் அதுவே காப்பீடு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. "எனக்குத்தான் நோய் இல்லையே, நான் ஏன் போட வேண்டும்?" என்று திடகாத்திரமானவர்கள் விலகிக் கொள்வார்கள். நோயாளிகள் மட்டுமே மிஞ்சினால் பானை சீக்கிரம் காலியாகிவிடும். ஆகவே எல்லோரும் கட்டாயமாகச் சேர வேண்டும். அவரவர் நோய்க்குத் தக்கபடி அல்ல, வருமானத்துக்குத் தக்கபடி சந்தா கட்ட வேண்டும். இவ்வழியில் நாடு தழுவிய சட்டத்தை முதலில் இயற்றியது ஜெர்மனி. 1883-ல் பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்தபோது அச்சட்டம் வந்தது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டினார்கள்.

பன்னிரண்டு ஆண்டில் ஒரு சாதனை

எங்களை மிகவும் கவர்ந்தது தென் கொரியாவின் கதையே. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் சீரழிந்த ஏழை நாடு அது. 1963-ல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இயற்றினார்கள். விரும்பியவர் சேரலாம் என்று விட்டுவிட்டதால் சேர்ந்தவர் மிகச் சிலரே.

1977-ல் பாடம் கற்றுக்கொண்டார்கள். 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் கட்டாயம் சேர வேண்டும் என்றார்கள். பெரிய ஆலைகளில் சம்பளப் பட்டியல் உண்டு. சந்தாவைப் பிடிப்பது எளிது. ஆகவே அங்கே தொடங்கினார்கள். 1979-ல் அரசு ஊழியர்களும் தனியார் பள்ளி ஆசிரியர்களும் சேர்க்கப்பட்டனர். பிறகு படிப்படியாகச் சிறு நிறுவனங்கள் வந்தன.

கடினமான பகுதி பின்னால்தான் வந்தது. விவசாயிக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் சம்பளச் சீட்டு ஏது? அவர்களுடைய வருமானம், நிலம், வீடு முதலியவற்றைக் கணக்கிட்டுச் சந்தாவை நிர்ணயித்தார்கள். அதில் ஒரு பகுதியை அரசே ஏற்றுக்கொண்டது. 1988-ல் கிராம மக்களும், 1989-ல் நகரத்துச் சுயதொழில் செய்வோரும் சேர்க்கப்பட்டனர். கட்டாயம் தொடங்கிய பன்னிரண்டே ஆண்டுகளில் நாடு முழுவதும் ஒரு குடைக்கீழ் வந்தது. அங்கே பெரும்பாலான மருத்துவமனைகள் தனியாருடையவை. ஆயினும் எந்த மருத்துவமனையும் காப்பீட்டு நோயாளியை ஏற்க மறுக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

பல பானைகள் ஒரு பானை ஆயின

எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்றாலும் அவர்கள் ஒரே பானையில் சேரவில்லை. நாட்டில் 350-க்கும் மேற்பட்ட காப்பீட்டுச் சங்கங்கள் இருந்தன. பெரிய கம்பெனிச் சங்கத்தில் இளைஞர்கள் அதிகம், நல்ல சம்பளம், நோய் குறைவு. ஆகவே பணம் மிஞ்சியது. கிராமச் சங்கத்தில் முதியோர் அதிகம், வருமானம் குறைவு, நோய் மிகுதி, ஆகவே பற்றாக்குறை. வசதியுள்ளவர்கள் ஒரு பானை, வறியவர்கள் ஒரு பானை என்று பிரிந்தால் காப்பீட்டின் பொருளே கெட்டுவிடுகிறது அல்லவா?

எல்லாவற்றையும் ஒன்றாக்க 1989-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் ரோ டே-வூ தடுத்துவிட்டார். பத்தாண்டு வாதத்துக்குப் பின், கிம் டே-ஜுங் காலத்தில், 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சங்கங்கள் யாவும் ஒரே நிறுவனமாயின. நிதி முழுவதும் ஒன்றானது 2003-ல்.

சீர்திருத்தம் நோவில்லாமல் நடந்துவிடவில்லை. மருத்துவர் சீட்டு மட்டும் எழுத வேண்டும், மருந்தை மருந்தகமே கொடுக்க வேண்டும் என்ற விதியும் அதே 2000-ல் வந்தது. மருத்துவர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுக்குரிய கட்டணங்கள் உயர்ந்தன. 2001-ல் காப்பீட்டு நிதி பெரும் பற்றாக்குறையில் வீழ்ந்தது. அதைத் தூக்கி நிறுத்தச் சந்தாவை உயர்த்தினார்கள். அரசு தன் பங்கைக் கூட்டியது. சிகரெட் மீது விதித்த தீர்வையிலும் ஒரு பகுதியைத் திருப்பினார்கள். நோயை உண்டாக்கும் பொருளே நோய்க்கு மருந்துச் செலவு தருவது எங்களுக்கு வேடிக்கையாகவும் நியாயமாகவும் பட்டது.

2024-ல் அங்கே சந்தா சம்பளத்தில் 7.09 சதவீதம். சம்பளம் 10,000 என்றால் சந்தா 709. அதில் பாதி தொழிலாளியுடையது, பாதி முதலாளியுடையது. நோயாளியும் ஒரு பங்கைக் கையிலிருந்து கட்டுகிறார்: உள்நோயாளிக்குப் பொதுவாக 20 சதவீதம், புற்றுநோய்க்கு 5 சதவீதம். காப்பீட்டில் அடங்காத சிகிச்சைகளும் உண்டு. ஆகவே அங்கும் எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. பெரிய கவலை வேறொன்று. 2024 இறுதியில் அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயது கடந்தவர்கள். பிறக்கும் குழந்தைகளோ மிகக் குறைவு. பானையில் போடும் கைகள் குறைந்து, எடுக்கும் கைகள் பெருகுகின்றன.

நம் வீட்டுக் கதை

இனி எங்கள் கேள்விக்கு வருவோம். பஞ்சாலைத் தோழியின் வீட்டைக் காத்தது 1948-ல் இயற்றப்பட்ட சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ. திட்டம். அது 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி, தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். சுமை தூக்கும் தந்தைக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, சந்தா கட்ட ஒரு முதலாளியும் இல்லை.

அவரைப் போன்றவர்களுக்காக 2009-ல் தமிழக அரசு ஒரு காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. அதில் குடும்பம் சந்தா கட்ட வேண்டியதில்லை. அரசு வரிப்பணத்திலிருந்து கட்டுகிறது. 2022-ல் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இருதய ஆபரேஷனும் அதில் அடங்கும். அப்படியானால் தோழியின் வீட்டுப் பத்திரம் ஏன் அடகுக்குப் போயிற்று? அப்படி ஓர் அட்டை உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது!

இதை அறிந்த அன்று எங்கள் வகுப்பறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கொரியாவில் ஒருவர் கேட்காவிட்டாலும் சட்டம் அவரைச் சேர்த்துக்கொள்கிறது. இங்கோ தெரிந்தவர் மட்டுமே விண்ணப்பிக்கிறார்; தெரியாதவர் வெளியே நிற்கிறார். பானை நிறைந்திருந்து பயன் என்ன? பசித்தவனுக்கு அது இருக்கும் இடம் தெரிய வேண்டாமா?

ஆகவே நாங்கள் ஒரு சிறு காரியம் செய்தோம். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்ல வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி, எல்லோரும் நோட்டில் குறித்துக்கொண்டோம். அட்டை இல்லாத வீடுகள் எங்கள் வகுப்பிலேயே பதினொன்று இருந்தன. இப்போது அவற்றுள் ஒன்பது வீடுகளில் அட்டை இருக்கிறது. எங்கள் தோழியின் வீடும் அவற்றுள் ஒன்று. ஆனால் அடகுக்குப் போன பத்திரம் இன்னும் மீளவில்லை.

அன்புத் தோழியரே, பெற்றோர்களே! நோய் வந்த பின் அட்டையைத் தேடி ஓடாதீர்கள். இம்மலரை மூடி வைக்கும் முன், உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அது இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.