நானாவின் பெட்டியில் வந்த சீஸ்

சென்ற நோன்புப் பெருநாளைக்கு முந்திய கிழமை, டோஹாவில் வேலை செய்யும் என் நானா விடுமுறையில் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறந்தபோது சொக்லட், பேரீச்சம்பழம் எல்லாவற்றுக்கும் அடியில் துவாயால் சுற்றிய மூன்று பொதிகள் இருந்தன. மூன்றும் சீஸ். ஒன்று ஹலூமி, ஒன்று கௌடா, மற்றது பார்மசான். அதுவரை எங்கள் வீட்டில் சீஸ் என்றால் கடையில் விற்கும் முக்கோணத் துண்டுதான்.

உம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “மகள், இதுல என்ன போட்டிருக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்க” என்றார். பால், உப்பு, ரெனட் என்று அவசரமாக வாசித்தேன். “ரெனட் எண்டா என்ன?” உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. “தெரியாத ஒண்ட நோன்பு திறக்கிற மேசைல வைக்க ஏலாது” என்று மூன்றையும் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டார். நானா எதுவும் சொல்லவில்லை. அவருடைய முகம் வாடியதை நான் கண்டேன். அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

சீஸைப் பாடநூல்களில் பாற்கட்டி என்பார்கள். பாலைக் கட்டியாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புளிப்பு. தயிர் உறைவதும், கொதிக்கும் பாலில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பன்னீர் எடுப்பதும் அவ்வாறே. மற்றது நொதியம். பால் குடிக்கும் கன்றின் இரைப்பையில், நான்காவது அறையில், கைமோசின் என்ற நொதியம் சுரக்கிறது. குடித்த பால் ஓடிவிடாமல் வயிற்றிலேயே உறைவதற்காக அமைந்தது அது. பாலிலுள்ள கசீன் என்ற புரதத்தின் ஒரு சிறு பகுதியை அது வெட்டிவிட, மிதந்து திரிந்த புரதத் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் இந்தச் சாறுதான் ரெனட். உம்மா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்!

ஆனால் இன்று ரெனட் எல்லாம் கன்றிலிருந்து வருவதில்லை. சில பங்கசுகள் பாலை உறைய வைக்கும் நொதியத்தைத் தாமே உண்டாக்குகின்றன. கைமோசினுக்குரிய பரம்பரையலகை நுண்ணங்கிகளுக்குள் செலுத்தி அவற்றைக் கொண்டே அதைத் தயாரிக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டு இதற்கு அனுமதி கிடைத்தது. போர்த்துக்கல் நாட்டின் செர்ரா டா எஸ்ட்ரேலா என்ற செம்மறிப்பால் சீஸை உறைய வைப்பது ஒரு முட்செடியின் பூ. உள்ளே கரண்டியால் அள்ளக்கூடிய அளவுக்கு மென்மையாக, இலேசான கைப்புடன் இருக்குமாம்.

மறுநாள் பொதிகளை எடுத்து, இம்முறை நிதானமாக வாசித்தேன். ஹலூமியிலும் கௌடாவிலும் ‘நுண்ணங்கி ரெனட்’ என்றே அச்சிட்டிருந்தது. முதல் நாள் அந்த முன்சொல்லை விழுங்கிவிட்டு வாசித்தவள் நான்தான்.

அன்று நோன்பு திறக்க ஹலூமியைப் பொரித்தோம். சைப்பிரஸ் தீவில் செம்மறிப்பாலும் ஆட்டுப்பாலும் சேர்த்துச் செய்யும் சீஸ் இது. இப்போது பசுப்பாலும் சேர்க்கிறார்கள். தட்டாச்சியில் உருகி ஓடிவிடும் என்று உம்மா பயந்தார். உருகவில்லை. பாலிலிருந்து பிரிந்த நீரிலேயே கட்டிகளை மீண்டும் காய்ச்சி எடுப்பதால் அதன் புரதம் இறுகிவிடுகிறது. வெளியே பொன்னிறம், உள்ளே நல்ல உப்பு, மணத்தில் ஒரு துளி புதினா. கடித்தால் பல்லில் ‘கீச்’ என்று சத்தம் வரும். தங்கை அந்தச் சத்தத்துக்காகவே நாலு துண்டு தின்றாள்.

கௌடா நெதர்லாந்தினுடையது. அது விற்கப்பட்ட சந்தை நகரின் பெயரே அதற்கு வந்தது. உறைந்த பாலின் நீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டு வெந்நீர் விடுவார்கள். பாற்சீனி கழுவப்பட்டுப் போவதால் புளிப்புக் குறைவு. நாள்பட்ட கௌடாவில் சீனி காய்ச்சிய மணம் வருகிறது. இடையிடையே பல்லில் நொறுங்கும் வெள்ளை மணிகளை நாங்கள் உப்புக்கல் என்றுதான் நினைத்தோம். அவை புரதம் உடைந்து உண்டான தைரோசின் என்ற அமினோவமிலத்தின் பளிங்குகள்.

ஏனைய வகைகளை வாசித்துத்தான் அறிந்தேன். நம் தென்பகுதி எருமைத் தயிரை மண்சட்டியில் வாங்குகிறோமே, அதே எருமைப்பாலில் இத்தாலியின் கம்பானியா மக்கள் மொஸரெல்லா செய்கிறார்கள். வெந்நீரில் இழுத்துப் பிசைவதால்தான் பீட்ஸாவில் அது நூலாக நீள்கிறது. சுவை பாலுக்குக் கிட்ட இருக்கும். பிரான்ஸின் ரோக்ஃபோர்ட் இதற்கு நேரெதிர். செம்மறிப்பால் சீஸைக் கொம்பலூ மலைக் குகைகளில் வைத்து நீலப் பங்கசு படர விடுகிறார்கள். உறைப்பும் உப்புமாக நாக்கைச் சுடும் என்கிறார்கள். பாணில் பூஞ்சணம் பிடித்தால் வீசிவிடும் எனக்கு அதைத் தின்னத் துணிவு வருமோ தெரியாது. சுவிற்சர்லாந்தின் எமென்டாலில் உள்ள ஓட்டைகள் பற்றீரியா விடும் காபனீரொட்சைட்டு வாயுவால் ஆனவை. பாலில் விழும் நுண்ணிய வைக்கோல் தூள்களைச் சுற்றியே அந்த வாயு சேர்கிறது என்றும், பால் கறக்கும் முறை சுத்தமானதால் ஓட்டைகள் குறைந்துவிட்டன என்றும் 2015இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் கூறினார்கள். நம் முக்கோணத் துண்டும் சுவிஸ் பரம்பரைதான். சீஸை உருக்கி உப்பு வகைகள் சேர்த்துப் பதப்படுத்தும் முறை 1911இல் அங்கேதான் பிறந்தது.

ரெனட்டோடு மட்டும் விசாரணை முடிந்துவிடாது என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பிரான்ஸின் எப்வாஸ் என்ற சீஸின் மேற்புறத்தை மதுவால் கழுவுகிறார்கள்.

எஞ்சியது பார்மசான். இத்தாலியின் பார்மா, ரெஜியோ எமிலியா பகுதிகளில் செய்யப்படும் அசல் பார்மசானின் ஒரு சக்கரம் ஏறத்தாழ 40 கிலோகிராம். அதற்கு 500 லீற்றருக்கு மேல் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். பிறகு ஒருவர் சிறு சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே வெடிப்பு உண்டா என்று சொல்வார். ஆனால் அசல் பார்மசானுக்குக் கன்றின் ரெனட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்படாத கன்றின் ரெனட்டை இமாம் அபூஹனீபா ஆகுமானதாகக் கருதினார். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது ஏற்கப்படுவதில்லை. இதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? தேடியதையெல்லாம் நானாவிடமும் உம்மாவிடமும் சொன்னேன். “எனக்கே தெரியாமத்தான் அங்க தின்டிருக்கேன்” என்றார் நானா. உம்மா அவருடைய தட்டில் இன்னொரு துண்டு ஹலூமியை வைத்தார்.

நானா திரும்பிப் போய்விட்டார். பார்மசான் இன்னும் அடித்தட்டில் இருக்கிறது. ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்கிறார் வாப்பா. ஒரு வருடம் பொறுத்த சாமான், இன்னும் ரெண்டு ஜும்ஆ பொறுக்காதா என்பது அவருடைய கேள்வி.