ஆற்றின் நீர்த்தேவையை அளந்தறிய ஆகும் செலவு

பாசனத்திற்கும், மின்சார உற்பத்திக்கும், நகரங்களின் குடிநீருக்கும் வேண்டிய நீரைக் கணக்கிடப் பழகிய முறைகள் உண்டு. ஆறு வற்றாது ஓடுவதற்கும், அதில் மீன்கள் வாழ்ந்து இனம் பெருக்குவதற்கும் எவ்வளவு நீர் வேண்டும் என்பதோ ஆற்றுக்கே சென்று ஆராய்ந்தாலன்றி நன்கு விளங்குவதில்லை. அவ்வாராய்ச்சிக்குப் பணமும் காலமும் செலவாகின்றன. அச்செலவு எதனால் ஏற்படுகிறது, எங்கே அது தகும் என்பவை அறியத்தக்கன.

செலவு மிகக் குறைந்தது, அலுவலகத்திலிருந்தே செய்யும் கணக்கு முறையாகும். அமெரிக்காவில் டெனன்ட் என்பவர் 1976-இல் வெளியிட்ட முறை இவ்வகையில் பெயர் பெற்றது. ஆண்டுச் சராசரி நீரோட்டத்தில் 10 சதவிகிதம் இருப்பின் மீன்கள் சிறிது காலம் உயிர் தரிக்கும் என்றும், 30 சதவிகிதம் இருப்பின் நன்கு வாழும் என்றும் அம்முறை கொள்கிறது. பல்லாண்டு நீரோட்டக் குறிப்புகள் கையிலிருந்தால் இக்கணக்கு விரைவில் முடிந்துவிடும். ஆயினும் இவ்விகிதங்கள் மான்டானா, வையோமிங், நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களின் ஓடைகளில் நடந்த கள ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டவை. பருவமழையில் பெருகிப் பின்னர் பல மாதங்கள் மெலிந்தோடும் இந்திய ஆறுகளுக்கு அவை அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. மலிவான முறைக்கும் எங்கோ ஒருவர் செய்த கள ஆய்வே அடிப்படை என்பது இதனால் புலனாகும்.

கள ஆய்வில் முதற்கண் ஆற்றின் குறுக்கே ஒரு கோடு குறிக்கப்படுகிறது. அக்கோட்டில் ஏறக்குறைய இருபது இடங்களில் நீரின் ஆழமும் வேகமும் அளக்கப்படுகின்றன. ஆழம் குறைந்த இடங்களில், மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் நீரோட்டமானி வைக்கப்படும்; ஆழம் மிகுந்த இடங்களில் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு ஆகிய இரு நிலைகளில் அளந்து சராசரி எடுக்கப்படும். மடு, கற்களின்மேல் சலசலத்தோடும் பகுதி, சீராக ஓடும் பகுதி ஆகிய ஒவ்வொன்றிற்கும் தனிக் கோடுகள் வேண்டும். குறைந்த நீர், நடுத்தர நீர், மிகுந்த நீர் ஆகிய நிலைகளில் மீண்டும் அதே கோடுகளில் அளத்தல் வேண்டும். எவ்வகை மீன் எவ்வாழத்தில் வாழ்கிறது, எவ்விடத்தில் முட்டையிடுகிறது என்பதை உயிரியல் வல்லுநர் உடனிருந்து கண்டறிதல் வேண்டும். ஒருமுறை வாங்கிய கருவிகள் பல ஆறுகளுக்குப் பயன்படும். பயணமும் பயிற்சி பெற்றோரின் உழைப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலவாகும்.

ஆகவே எல்லா ஆறுகளிலும் முழு ஆய்வு நடத்துதல் இயலாது. தென்னாப்பிரிக்கா 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின்படி ஆற்றுக்கென ஒரு பங்கு நீரை ஒதுக்குகிறது. அதனை நிர்ணயிப்பதற்கு அலுவலகக் கணக்கு, விரைவாய்வு, இடைநிலை ஆய்வு, முழு ஆய்வு என நான்கு படிகள் அங்கு வகுக்கப்பட்டுள்ளன. நீருக்குப் போட்டி மிகுந்த இடங்களுக்கே செலவு மிகுந்த படியை ஒதுக்குவது அறிவுடைமையாகும்.

பிழைபட்ட அளவினால் வரும் இழப்பையும் இச்செலவுடன் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கங்கையில் விடப்பட வேண்டிய குறைந்த அளவு நீரை மத்திய அரசாங்கம் 2018 அக்டோபரில் அறிவித்தது. அதன்படி அக்டோபர் முதல் மே வரை, ஹரித்துவாரை அடுத்த பீம்கோடா அணைக்கட்டிலிருந்து விநாடிக்கு 36 கன மீட்டரும், பிஜ்னோர், நரோரா, கான்பூர் ஆகிய அணைக்கட்டுகளிலிருந்து விநாடிக்கு 24 கன மீட்டரும் விடப்படுதல் வேண்டும். இத்தகைய அளவு ஒன்றில் விநாடிக்கு 1 கன மீட்டர் மட்டும் பிழை நேர்ந்ததாகக் கொள்வோம். ஒரு நாளில் அது 86,400 கன மீட்டராகும்; அவ்வெட்டு மாதங்களின் 243 நாட்களில் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் கன மீட்டராகும். இந்நீர் 2,100 ஹெக்டேர் நிலத்தில் ஒரு மீட்டர் உயரத்திற்கு நிற்கக்கூடியது. அளவு மிகையாயின் உழவர்க்கு இழப்பு. குறைவாயின் மீனுக்கும் மீனவர்க்கும் இழப்பு. ஆய்வுச் செலவு ஒருமுறை ஏற்படுவது. பிழையின் செலவோ, அது திருத்தப்படும் வரை ஆண்டுதோறும் தொடர்வது.

செலவைக் குறைக்கும் வழிகள் களப்பணியாளர் கையிலும் உள்ளன. குறுக்குக் கோட்டின் இரு முனைகளிலும் நிலையான அடையாளக் கற்களை நட்டு, அளந்த நாளையும் நேரத்தையும் நீர்மட்டத்தையும் தவறாது குறித்து வைப்பின், அடுத்த முறை செல்வோர் தொடக்கத்திலிருந்து வேலை செய்ய வேண்டியதில்லை. அடையாளம் தொலைந்த கோட்டில் எடுத்த அளவுகளைப் பிற்கால அளவுகளுடன் ஒப்பிட இயலாது. அவற்றிற்கான செலவும் பெரிதும் வீணாகும்.

ஆசிரியர்கள் அருகிலுள்ள ஆழமற்ற வாய்க்காலில் இதனை மாணவர்க்குச் செய்து காட்டலாம். ஒரு மரத்துண்டு 10 மீட்டர் தூரம் மிதந்து செல்லும் நேரத்தைக் கொண்டு மேற்பரப்பு வேகத்தைக் கண்டு, அதனை 0.85 ஆல் பெருக்கினால் சராசரி வேகம் ஏறக்குறையக் கிடைக்கும். அதனை வாய்க்காலின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்க, நீரோட்டத்தின் அளவு தெரியவரும். இருமுறை அளந்து விடைகளை ஒப்பிடும் மாணவன், ஓர் எண்ணைச் சரிவரப் பெறுவதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைத் தானே உணர்வான்.